மேடு ஏறும்போது காட்டியவை

1. பனிக்குள் வந்த வெள்ளைக் கோட்டுகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தங்கச் சுரங்க ஊரின் மைசூர் மைன்ஸ் பக்கம் முழுக்கப் பனி இறங்கிக் கிடந்தது. சயனைட் மேடு இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. பூமிக்கு அடியிலிருந்து எடுத்த கல்லை அரைத்து, தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்ச மாவைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் மலை வரையச் சொன்னால் அதைத்தான் வரைவார்கள். பனிக்காலத்தில் மேடு எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து சில தலைகளும் பைகளும் மிதந்து வந்தன. உடம்பு பிறகுதான் தெரிந்தது. வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் அப்படி. பெங்களூரிலிருந்து காலை ரயிலில் வந்த மருத்துவக் கல்லூரி மாணவர்கள். நான் இன்னும் தூக்கத்தில்தான் நிற்கிறேனோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. அதில் ஒரு பையன், "ஆன்ட்டி, இங்க டீ எங்க கிடைக்கும்?" என்று கேட்டதும் விழித்துக்கொண்டேன்.

நான் சரோஜா. இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊசி போடுவதும் அதட்டுவதும் எனக்கு ஒன்றாகவே வரும் என்று ஓபியில் சொல்வார்கள். ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த இரண்டாவது வேலைதான் இந்த மாணவர்களோடு சுற்றியது. சம்பளம் இல்லாத வேலை. ஆனாலும் நான் பார்த்த வேலைகளிலேயே பெரியது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர்களுடைய குழுவின் பேனரில் "உலக ஆரோக்கியம், சமூக நீதி" என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. உலகத்தையே சரிசெய்யக் கிளம்பியவர்கள் காலையில் ஒரு இட்லிகூடச் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். முதல் வேலையாக எல்லாரையும் கடைக்கு அழைத்துப் போய் வயிற்றை நிரப்பினேன். டீ கேட்ட பையன் பெயர் இம்ரான். சிவாஜி நகரில் வளர்ந்தவன், நல்ல தமிழ், நல்ல வாய். பக்கத்தில் பேசாமல் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த பெண் பவித்ரா. ஹாசன் பக்கத்துப் பெண். தமிழ் அரைகுறை, ஆனால் காது கூர்மை. இவர்கள் இரண்டு பேர்தான் குழுவுக்குப் பொறுப்பு.

"ஆன்ட்டி, மைன்ஸ்ல வேலை செஞ்சவங்களுக்கு நுரையீரல்ல கல்தூசி படிஞ்சு வர்ற நோய் இருக்குல்ல, சிலிகோசிஸ், அதை யாருமே இங்க தேடிப் பாக்கல. அதான் வந்திருக்கோம்" என்றான் இம்ரான்.

எனக்குத் தெரியாததா? தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் இரண்டு வீடு தள்ளி ஒருவர் இருந்தார். டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். முடித்தார். திரும்ப இருமல், திரும்ப அதே மாத்திரை. அதையும் முடித்தார். கடைசியில் டிபியே இல்லை, எல்லாம் கல்தூசி என்று தெரிந்தபோது அவருக்குத் தலையாட்டக்கூட மூச்சு இல்லை. ஆறாத கோபம் எனக்கு அது. போதாததற்கு என் வீட்டுக்காரர் தேவராஜும் மைன்ஸ் மூடுகிறவரை அண்டர்கிரவுண்டில் டிரில் மெஷின் பிடித்தவர். அவருக்கு இருமல்கூடப் பெரிதாக இல்லை. ஆனாலும் அவர் தும்மினால் எனக்கு அந்த மனிதரின் ஞாபகம் வரும்.

விஷயம் இதுதான். கல்லூரியில் ஒரு வேன் இருந்தது. உள்ளேயே எக்ஸ்ரே மெஷின், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர், மூச்சுப் பயிற்சி சொல்லித்தர ஆள், எல்லாம் உண்டு. அது ஏதாவது ஓர் ஊருக்கு வாராவாரம் போகும். எந்த ஊர் என்று முடிவு செய்வது இவர்களுடைய பேராசிரியர் அம்மா. மூன்று ஞாயிறு கேம்ப் போட்டுப் பாருங்கள், மூன்றாவது ஞாயிறு நானே வருகிறேன், தேவை இருந்தால் வேன் இங்கே, இல்லையென்றால் கல்குவாரிப் பக்கம் என்று சொல்லியிருந்தார். குவாரிக்காரர்களும் தூசி தின்கிறவர்கள்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அந்த வேன் எங்கள் ஊரில் வந்து நிற்க வேண்டும் என்று சாமியிடம் தினமும் கேட்டேன்.

2. தூங்குமூஞ்சி மரம்

கேம்ப் நடந்தது மேட்டுக்குக் கீழே இருந்த பழைய ஹாலில். வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம். ஒன்பது மணிக்கு கேம்ப் என்று சொல்லியிருந்தோம். எட்டுக்கெல்லாம் மரத்தடியில் கூட்டம். மஃப்ளரும் குல்லாவுமாகப் பழைய மைன்ஸ் ஆட்கள் உட்கார்ந்து ஷிப்ட் கதை, ஷாஃப்ட் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். இலையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. தூரத்தில், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் பெரிய சக்கரம் பனியில் பாதி தெரிந்தது. அது சுற்றுவதைப் போலவும் இவர்கள் கீழே இறக்கிவிடும் அடுத்த கேஜுக்குக் காத்திருப்பதைப் போலவும் எனக்குப் பட்டது.

"எவ்வளவு பங்க்ச்சுவல் ஆன்ட்டி" என்று இம்ரான் அசந்து போனான். எனக்கும் பெருமைதான். நான் வேலை பார்த்த காலத்திலும் அப்படித்தான். மைன்ஸ் ஆள் ஓபிக்கு வந்தால் சீட்டு போடுவதற்கு முன்பே பெஞ்சில் இருப்பார்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். பவித்ரா முதுகில் ஸ்டெத் வைத்துக் கேட்டாள். இம்ரான் விரலில் ஆக்ஸிமீட்டர் கிளிப்பைப் போட்டு ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்த்தான். பிறகு கேள்விகள். முதல் ஆள் கோபால் மேஸ்திரி. கேங்குக்குத் தலைவராக இருந்தவர், என் வீட்டுக்காரருக்கு நெருங்கிய தோஸ்து.

"மேஸ்திரி, நடந்தா மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா நோவு சிஸ்டரம்மா? கல்லையே தின்னு ஜீரணம் பண்ணவனுங்க நாங்க."

"மாடி ஏறினா?"

"மாடி எங்க இருக்குது நம்ம லைன்ல?"

மரத்தடியே சிரித்தது. அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். கிளிப்பில் எல்லாருக்கும் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு. என் வீட்டுக்காரர் முறை வந்தபோது விரலை நீட்டிவிட்டு, பவித்ராவிடம், "இன்னாம்மா, பாஸா?" என்றார். பாஸ்தான். தொண்ணூற்றைந்து.

அடுத்த ஞாயிறும் இதே கதை. மத்தியானம் கேம்ப் முடிந்தபோது இம்ரானின் முகம் தொங்கிவிட்டது. பிறர் நன்றாக இருப்பதைப் பார்த்து ஒருவன் வருத்தப்படுவதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"நல்ல விஷயம்தான் ஆன்ட்டி. எல்லாரும் ஹெல்தி. ஆனா மேடம்கிட்ட நான் என்னன்னு சொல்றது? வேன் குவாரிக்குத்தான் போகும்."

பவித்ரா ஸ்டெத்தைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு காலியான மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

3. ஏற்றமும் இறக்கமும்

அன்று அவர்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தோம். எங்கள் வீடு மேட்டுப்பக்கம் இருக்கிறது. ஹாலிலிருந்து ஒரு நீண்ட ஏற்றம். வெயில் வந்து பனி கலைந்திருந்தது. என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார்.

அவரோடு நடப்பது என்றால் அது ஒரு தினுசான நடை. அந்த நடை தொடங்கிய புதிதில் எனக்கு அது பிடிபடவே இல்லை. பத்தடி நடப்பார், நிற்பார், "அங்க பாரு சரோ" என்பார். பேத்தமங்களா ஏரிப் பக்கமிருந்து எழும்பி வரும் மேகம். தண்ணீர்க் குழாய் மேல் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே வந்து மாட்டிக்கொண்ட சூரியன். நான் அவசரக்காரி. எந்த இடத்துக்குப் போனாலும் போய்ச் சேருவதில்தான் கண். அவர் நின்று காட்டியிருக்காவிட்டால் இந்த ஊரை நான் பார்த்தே இருக்க மாட்டேன். வருஷம் ஆக ஆக இன்னும் அதிகமாக நின்றார், இன்னும் அதிகமாகக் காட்டினார். வயதாக ஆக மனிதர் கனிகிறார் என்று நினைத்தேன். சண்டை போட்ட நாட்களில்கூடச் சாயங்காலம் அந்த நடைக்கு மட்டும் நான் போகாமல் இருந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் நான் வெளியே சொல்லாமல் வைத்திருந்த சந்தோஷம் அதுதான்.

அன்றும் காட்டிக்கொண்டே வந்தார். "அதோ அந்த மேட்டு உச்சியைப் பாரும்மா, வெயில்ல உப்பு மாதிரி மின்னுது." பவித்ரா செல்போனில் படம் எடுத்தாள். இன்னும் கொஞ்சம் ஏறியதும் ஒரு முருங்கை மரத்தில் கை வைத்து நின்று, "இந்த எறும்புங்க எங்க போவுது பாரு." அதையும் எடுத்தாள். வேலி, ஓணான், பழைய ஷாஃப்டின் பூட்டிய கதவு. அவளுக்கு ஏகப்பட்ட குஷி. "அங்கிள் கவி மாதிரி" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது.

சாப்பிட்டோம். கறிக்குழம்பு, ரசம். பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நாலு பேரும் கிளம்பி அதே வழியில் இறங்கினோம். பேச்சும் சிரிப்புமாகக் கீழே வந்து சேர்ந்தபோது பவித்ரா விளையாட்டாக ஒரு குறை சொன்னாள்.

"அங்கிள், ஏறுவாக எவ்வளோ காட்டினீங்க. இறங்குவாக ஒண்ணுகூட காட்டல. ஏன், என்மேல கோபமா?"

"எல்லாம்தான் பாத்துட்டியேம்மா" என்று சிரித்தார் அவர்.

அவளும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். திரும்பி அந்த ஏற்றத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு அவரை. ஏதோ தூக்கத்திலிருந்து எழுந்தவளைப் போல இருந்தது அவள் முகம்.

"அங்கிள், இன்னொரு தடவை ஏறலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ரயில் போயிடும் பவி" என்றான் இம்ரான்.

"போகட்டும்."

என் வீட்டுக்காரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி ஏறத் தொடங்கினார். அவள் பக்கத்திலேயே நடந்தாள். முருங்கை மரம் வந்ததும் நின்றார். கை தானாக எழுந்தது. "அதோ அந்தக் கொக்கு..." என்றார்.

"பாக்கறேன் அங்கிள். கண்டிப்பா பாக்கறேன். முதல்ல அந்த விரலைக் குடுங்க."

கிளிப்பைப் போட்டாள். எண் இறங்கிக்கொண்டே போனது. எண்பத்தாறில் வந்து நின்றது. முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் இருந்தவள் நான். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாய் மேல் கொக்கு எதுவும் இல்லை.

4. மூஞ்சியைத் தூக்கி வைத்த நாட்கள்

ரயில் போய்விட்டது. அடுத்த ரயில் வரும்வரை எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அவரிடமிருந்து வந்தது. மைன்ஸ் இருந்த காலத்தில் டாக்டர் செக்கப் என்றால் ஆட்கள் ஒரு மணி நேரம் முன்பே போய் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்களாம். பேசுவார்கள், சிரிப்பார்கள். மூச்சு சமனான பிறகுதான் உள்ளே போவார்கள்.

"மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சா மேல அனுப்பிடுவாங்க. சர்ஃபேஸ் வேலை. கேங்கை உட்டுட்டு மேல போனவன் மறுபடி கேஜ் ஏறினதில்ல. அதான் எல்லாரும் குந்திக்குவோம். யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு இல்ல. வர்றவன் இருக்கறவனைப் பாத்துக் கத்துக்குவான்."

"அப்ப இப்ப மரத்தடியில உக்காந்தவங்க எல்லாரும்?" என்றான் இம்ரான்.

"அதேதான்."

"மைன்ஸ்தான் மூடிடுச்சே அங்கிள்."

"பழக்கம் மூடலியே."

நேரம் தவறாதவர்கள் என்று நான் வேலை பார்த்த காலமெல்லாம் பாராட்டியது இதைத்தான். ஓபியில் நோயாளி நடந்து வருவதை நாங்கள் யார் பார்த்தோம்? பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.

இம்ரானுக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. "அடுத்த சண்டே கேம்பை மேட்டு மேல வெச்சிடலாம். மரம் இல்ல, பெஞ்ச் இல்ல. ஏறி வந்ததும் கப்புனு கிளிப்பைப் போட்டுடலாம். மேடம் நேர்லயே பாப்பாங்க."

நான் உடனே சரி என்றேன். எனக்கிருந்த கோபத்தில் கயிறு கட்டி இழுத்துப் போய்ச் சோதித்திருப்பேன். பவித்ராதான் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பேடா. பேனர்ல நீதின்னு எழுதிட்டு ஏமாத்திப் பிடிக்கறதா? அவங்களா சொல்லணும். யாராவது ஒருத்தர் முதல்ல சொன்னா, மத்தவங்களும் சொல்லுவாங்க." பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "நீங்க சொல்றீங்களா அங்கிள்? எல்லார் முன்னாலயும்?" என்று கேட்டாள்.

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர்கள் போன பிறகு நான் கேட்டேன். "இன்னாங்க, அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்லாம வந்துட்டீங்க?"

"கோபால் முன்னால எப்பிடி சொல்றது? நான் பிடிச்ச மெஷினை ஒருநாள்கூட இன்னொருத்தன் கையில குடுத்தவன் இல்ல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் நர்ஸ்."

"நீ நர்ஸுன்றதாலதான் சொல்லல." வாசலைப் பார்த்தபடியே சொன்னார். "சொல்லாத வரைக்கும் அது மூச்சு சரோ. சொல்லிட்டா நோவு."

அதற்கு மேல் அந்த வாரம் எங்களுக்குள் பேச்சில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பயம் ஒரு பக்கம். அதைவிட மோசமாக இன்னொன்று என்னை அரித்தது. அதை யாரிடம் சொல்ல?

ஒரு சாயங்காலம் தனியாக அந்த ஏற்றத்தில் போனேன். அவர் காட்டிய இடங்களிலெல்லாம் நின்றேன். மேகம் இருந்தது. சக்கரம் இருந்தது, அதன் நடுவில் சூரியனும் வந்து நின்றது. எல்லாமே கழுவி வைத்த பாத்திரம் மாதிரி வெறுமையாகத் தெரிந்தன. இத்தனை வருஷமும் இவர் எனக்கு ஊரைக் காட்டினார் என்று நினைத்தேனே, எதையுமே காட்டவில்லையா? நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதற்கு நான் தலையாட்டிக்கொண்டு வந்தேனா? காற்று அடித்தது. மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து மெல்ல லைன் வீடுகள் மேல் இறங்கியது. நாங்கள் எல்லாரும் யாரோ காணும் கனவுக்குள் குடியிருக்கிறோம் என்று அப்போது தோன்றியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

5. மூன்றாவது ஞாயிறு

பேராசிரியர் அம்மா காரில் வந்தார். கண்டிப்பானவர். சிரிப்பைச் சில்லறை மாதிரி எண்ணித்தான் கொடுப்பார். மரத்தடியில் வழக்கம்போல எட்டு மணிக்கே சபை கூடியிருந்தது. அவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து தானே முதுகில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். கோபால் மேஸ்திரி அவரிடமும் கல்லை ஜீரணம் செய்த கதையைச் சொன்னார். சிரிப்பு.

"சத்தம் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கு. ஆனா கேட்டா யாரும் கஷ்டம் இல்லன்னு சொல்றாங்களே. கஷ்டம் இல்லன்னு சொல்ற ஊருக்கு வாராவாரம் எப்படி வண்டி அனுப்பறது?" என்று பவித்ராவிடம் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றாள். நானாக இருந்தால் போட்டு உடைத்திருப்பேன். வாய் வரை வந்துவிட்டது.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். மஃப்ளரைக் கழற்றி பெஞ்சில் வைத்தார்.

"டாக்டரம்மா, நான் இந்த மேட்டை ஏறிக் காட்றேன். கொஞ்சம் கூட வாங்க."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் ஏறத் தொடங்கினார். பேராசிரியரும் பவித்ராவும் பின்னால். மரத்தடியிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து நின்று பார்த்தார்கள். நான் கீழேதான் நின்றேன். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டை அதற்குள் போய்ப் போய் மங்கியது.

முருங்கை மரத்தருகே நின்றார். எத்தனையோ சாயங்காலம் பார்த்த அதே நிற்பு. ஒரு கை மரத்தில். இன்னொரு கை எழுந்தது. எதையோ காட்டப் போகிறார் என்று நினைத்தேன். கை பாதியில் நின்றது. அப்புறம் மெல்லக் கீழே இறங்கியது.

திரும்பினார். கீழே நின்ற எங்களைப் பார்த்தார். குரல் பெரிதாக வரவில்லை. ஆனால் அந்தக் காலை அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"ஒண்ணும் இல்ல. மூச்சு வாங்குது."

பிறகு கோபால் மேஸ்திரியைப் பார்த்து, "மூச்சு வாங்குது கோபாலு. ரொம்ப நாளா" என்றார்.

நான் அழுதுவிட்டேன். முந்தானையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி தலையைக் குனிந்து செருப்பால் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "சிஸ்டரம்மா, எனக்குக் குளிக்கச்சொல்லயே வாங்குது. சொம்பு தூக்க முடியல" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

அன்று மத்தியானம் வரை அந்த ஏற்றத்தில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். இம்ரான் கிளிப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரோடும் நடந்து நடந்து அவனுக்கே மூச்சு வாங்கியது. பேராசிரியர் அம்மா முருங்கை மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் வீட்டுக்காரரிடம் வந்து கை கூப்பிவிட்டுக் காரில் ஏறினார்.

6. இறங்கும்போது

வேன் வந்தது. ஞாயிறுதோறும் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் நிற்கிறது. எக்ஸ்ரேயில் என் வீட்டுக்காரரின் நுரையீரலைப் பார்த்தேன். மேட்டுத் தூசி மாதிரியே வெள்ளை வெள்ளையாக இருந்தது. படிந்த கல்லை எடுக்க மருந்து கிடையாது. இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், இருக்கிற மூச்சை வைத்து வாழக் கற்றுக்கொள்ளலாம். உதட்டைக் குவித்து ஊதும் பயிற்சி, தடுப்பூசி, சிலருக்கு வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின். டிபி இல்லாத யாருக்கும் டிபி மாத்திரை கிடையாது. குவாரிப் பக்கத்துக்கு என்ன வழி என்று பவித்ராவும் இம்ரானும் பேராசிரியரைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தார்கள். இப்போது அங்கேயும் இன்னொரு மாணவர் குழு போகிறது.

புதிதாக வரும் மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி இம்ரான் என்னை நிறுத்திவிடுவான். நான் சொல்வது இவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அவர் வந்த வழியில் அவரோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். அவர் நின்று எதையாவது காட்டினால் அதையும் பாருங்கள், அவரையும் பாருங்கள். பிறகு அவராகச் சொல்லும்வரை காத்திருங்கள். நானும் அதை அந்த ஹாசன் பெண்ணிடம்தான் கற்றேன்.

என்னை அரித்த விஷயத்தை ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன். சாயங்கால நடை திரும்பத் தொடங்கியிருந்தது. இப்போது ஏறும்போது அவர் எதையும் காட்டுவதில்லை. "நில்லு சரோ, வாங்குது" என்பார். நிற்போம். உதட்டைக் குவித்து ஊதுவார். நடப்போம்.

"இன்னாங்க, அந்த மேகம், கொக்கு எல்லாம். நிக்கறதுக்குத்தானா காட்னீங்க?"

அவருக்குப் பொய் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"நிக்கணுமே. அதுக்குத்தான்" என்றார்.

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்தேன்.

அப்புறம் போன மாசியில் ஒரு சாயங்காலம். மேட்டு உச்சி வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இறக்கம். காற்று இல்லை. வெள்ளை மேட்டின் மேல் வெயில் இளஞ்சிவப்பாகப் படர்ந்திருந்தது. ஊரே பாதித் தூக்கத்தில் இருந்தது. நான் வழக்கம்போல முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் அவர் காலடிச் சத்தம் நின்றது.

"அங்க பாரு சரோ."

இறக்கத்திலேயே நிற்கிறாரே என்று ஓடிப் போய், பையிலிருந்து கிளிப்பை எடுத்து அவர் விரலில் மாட்டினேன். தொண்ணூற்று நான்கு. முகத்தைப் பார்த்தேன். உதடு குவியவில்லை. மரத்தில் கை இல்லை. நெஞ்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "அங்க பாருன்னா அங்க பாரேன்."

கிளிப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் மேல் கொக்கு நின்றுகொண்டிருந்தது. அது பறந்து போகிறவரை இரண்டு பேரும் அங்கேயே நின்று பார்த்தோம்.